ஐயர் இல்லாத கல்யாணம் செல்லாதா?

“திருமணச் சட்டத்தில் ‘சாலம்னைஸ்’ என்றிருக்கிறது, அக்னி வளர்த்து மந்திரம் ஓதுவது என்றே அதற்குப் பொருள். சுயமரியாதைத் திருமணம் செல்லாது” என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

லத்தீன் வழி வந்த அந்தச் சொல்லுக்கு, உரிய முறைப்படி நடத்துவது என்றுதான் பொருள். சரி, எது உரிய முறை? இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்காக 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவைப் பாருங்கள். உறவினர், நண்பர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று போதும். ஐயர் வைப்பது அவரவர் விருப்பம்.

ஃபார்வர்டு காட்டும் 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சடங்கே நடக்காமல் பதிவு மட்டும் செய்த வழக்கு பற்றியது. ‘இந்தியா கோட்’ அரசுத் தளத்தில் 7ஏ பிரிவைப் படிக்கலாம். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.