பண்ணைக் கதவும் கேமராவும்

ஆஸ்திரேலியாவில் பண்ணைக்குள் அத்துமீறி நுழைந்து படம் பிடிக்கும் விலங்குரிமை ஆர்வலர்களைத் தண்டிக்கும் சட்டத்தை ஆதரித்தால், "இறைச்சி முதலாளிகளின் ஆள்" என்று பட்டம் கட்டுகிறார்கள். கட்டட்டும்.

அங்கே பண்ணை என்பது பெரும்பாலும் வீடும்தான். கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் பிள்ளைகள் தூங்குகிறார்கள். 2019 ஜனவரியில் ஒரு விலங்குரிமை அமைப்பு நாடெங்கும் உள்ள பண்ணைகளின் இருப்பிடங்களைக் குறித்து இணையத்தில் வரைபடமே வெளியிட்டது. வெளிப்படைத்தன்மையாம்! நள்ளிரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்காரும் குடும்பத்திடம் போய் அதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய மாதம்தான் விக்டோரியா மாநிலத்தில் உணவகத்தோடு கூடிய ஓர் ஆட்டுப் பண்ணைக்குள் புகுந்து ஆடுகளைத் தூக்கிப் போனார்கள். அந்த வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 1 டாலர். பூஜ்யம் எதுவும் விடுபடவில்லை, ஒரே ஒரு டாலர். தொல்லை தாங்காமல் உணவகத்தை மூடிவிட்டார்கள்.

2019 செப்டம்பரில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இணையம், தொலைபேசி வழியாக அத்துமீறத் தூண்டினால் 12 மாதம் வரை சிறை. திருடவோ சேதப்படுத்தவோ தூண்டினால் 5 ஆண்டு வரை. அதே மாதம், பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பக்கத்து நாடான தீமோர் வரை வந்திருந்தது. காலணியில் ஒட்டி வரும் அழுக்கே அந்தக் கிருமிக்கு வாகனம். பன்றிகள்மேல் உண்மையாகவே பரிவு உள்ளவர் இதை யோசிக்க வேண்டாமா?

இதுவரை விவசாயி பக்கம்தான் நிற்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டத்தில்தான் எனக்கு முரண்பாடு. அத்துமீறிப் படம் எடுப்பது மட்டுமல்ல, அந்தப் படத்தை வெளியிடுவதும் அங்கே குற்றம்; பொதுநலன் கருதி என்ற விலக்குக்கு இடமில்லை. 2022இல் நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதை ஏற்றது, அதுவும் நாலுக்கு மூன்று என்ற கணக்கில்.

2017இல் மத்திய கிழக்குக்குப் போன ஒரு கப்பலில் ஏறத்தாழ 2,400 செம்மறி ஆடுகள் வெப்பத்தில் செத்தன. அந்தக் காட்சிகள் அடுத்த ஆண்டு தொலைக்காட்சியில் வந்தபோது நாடே கொதித்தது. 2028 மே முதல் செம்மறி ஆடுகளை உயிரோடு கடல்வழி ஏற்றுமதி செய்வதே நிற்கப்போகிறது. அந்தக் காட்சிகளைப் படம் பிடித்தவர் எந்த வேலியும் தாண்டவில்லை. அந்தக் கப்பலிலேயே வேலை பார்த்தவர். பூட்டை உடைத்தவரை உள்ளே தள்ளுங்கள், மறுக்கவில்லை. சம்பளம் வாங்கும் இடத்தில் கண்டதைச் சொல்லும் தொழிலாளிக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் அதே சட்டத்தில் எழுதுங்கள்.