இலையில் காய்கறிக்கு இடம் கொடுங்கள்

இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று தெரிந்ததும் நம்மவர்கள் முதலில் சொல்வது, "அது எங்கள் குடும்ப வியாதி." பரம்பரைக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருவது உடல்வாகு மட்டுமா? சோற்றைக் குவித்துச் சாப்பிடும் பழக்கமும் தேநீரில் சீனியை அள்ளிப் போடும் பழக்கமும் சேர்ந்தேதான் வருகின்றன. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இந்த எண்ணைப் பார்த்த பிறகும் எல்லாப் பழியையும் பரம்பரை மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செப்பாரோ', அதாவது 'கால், கால், பாதி' என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, மீதிப் பாதி முழுக்கக் காய்கறியும் பழமும். அவ்வளவுதான்.

இப்போது கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் சோறு குவிந்திருக்கும். ஓரத்தில் இரண்டு மூன்று காய்கறி, வகைக்கு ஒரு கரண்டி. அதிலும் உருளைக்கிழங்கு இருந்தால் அது சோற்றுக் கணக்கில்தான் சேரும். மொறுமொறு பாகற்காய் எண்ணெயில் பொரித்தது. அப்புறம் இரண்டாவது முறை சோறு வரும், ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் வரும். நாம் வேண்டாம் என்று சொல்வதில்லை.

இதற்காக வாழை இலையை விடச் சொல்லவில்லை. பெரும்பாலான கடைகளில் காய்கறியும் கேட்டால் மறுபடி வைப்பார்கள், நாம்தான் கேட்பதில்லை. "அண்ணே, சோறு பாதி போதும், முட்டைகோஸ் இன்னும் கொஞ்சம் வையுங்க" என்று கேளுங்கள். காய்கறியையும் மீனையும் முதலில் சாப்பிட்டால் சோறு தானாகக் குறையும்.

குடிப்பதில்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 25 கிராம் என்பது சுமார் ஆறு தேக்கரண்டி. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சீனி உள்ள பானம் என்றால் 320 மில்லி டின் ஒன்றிலேயே 32 கிராம் போய்விடும். 2019 ஜூலையில் பானங்களுக்குச் சீனி வரி வந்தது. ஆனால் கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்குக்கு அந்த வரி கிடையாது. சீனி வேண்டாம் என்று சொன்னாலும் அதில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனிதான். பசியாறும்போது ஒன்று, மாலையில் ஒன்று என்று குடிப்பவர்கள் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறிப் பாருங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், கருவாடு, பாக்கெட் மீ எல்லாம் இதில் அடக்கம்.

வாட்ஸ்அப்பில் விற்கும் விலையுயர்ந்த பவுடர்களில் காசைக் கொட்டாதீர்கள். பாசாரில் (சந்தையில்) கெம்போங் மீன், அதாவது கானாங்கெளுத்தி, கிடைக்கிறது, ஒமேகா 3 கொழுப்பு அதில் நிறைய. கங்குங், சாவி, முருங்கை என்று கீரைகள் எல்லாம் கைக்கெட்டும் விலைதான்.

இன்சுலின் போடுபவர்களும் இனிப்பு நீருக்கு மாத்திரை எடுப்பவர்களும் மட்டும் சோற்றைத் திடீரென்று குறைக்க வேண்டாம், சர்க்கரை அளவு மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். அடுத்த முறை கிளினிக் போகும்போது டாக்டரிடம் கேட்டு, மருந்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.