நாற்பது நிமிஷமாம்ல!

அந்தக் கணக்கைப் போட்டவன் யாராக இருந்தாலும் சரி, ஒரே ஒரு நாள் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்துக்கு வந்து என்னோடு விமானம் ஏறட்டும்.

தூத்துக்குடி - சென்னை எவ்வளவு நேரம் என்று போனில் தட்டினால் 'தூரம் 530 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 40 நிமிடம்' என்று ஒன்று வந்து விழுகிறதே, அதைத்தான் சொல்கிறேன். தூரத்தில் குற்றமில்லை, காக்கா நேராகப் போனால் அவ்வளவுதான் இருக்கும். நேரம்? 530-ஐ ஜெட் விமானத்தின் வேகம் என்று 800-ஆல் வகுத்து வைத்திருக்கிறான், அஞ்சாங்கிளாஸ் பையன் மாதிரி. ஜெட் விமானம் வந்து இறங்குகிற மாதிரி ஓடுதளத்தை 1350 மீட்டரிலிருந்து 3115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாச்சு, எல்லாம் சரி. நேற்று எனக்கு வந்து நின்றது என்னவோ இறக்கைக்கு ஒரு விசிறி வைத்த அதே ஏடிஆர் விமானம்தான். உயிரைக் கொடுத்துப் பறந்தாலும் மணிக்கு 500-ஐ ஒட்டித்தான் போகும், அதுவும் மேலே போய்ச் சேர்ந்த பிறகு. இங்கே நகர ஆரம்பித்ததிலிருந்து மீனம்பாக்கத்தில் ஊர்ந்து போய் நிற்கிற வரைக்கும் சேர்த்து டிக்கெட்டில் 3.10 - 4.45 என்று ஒழுங்காகத்தான் போட்டிருந்தது. ஆனால் டிக்கெட்டை யார் பார்க்கிறார்கள்?

அக்கா மகன் பார்க்கவில்லை. கூப்பிட வருகிறேன் என்று தாம்பரத்திலிருந்து கிளம்பியவன் 3.45-க்கே போய் வாசலில் நின்றுவிட்டான். நான்கு மணிக்கு எனக்குப் போன் போட்டிருக்கிறான், அணைந்திருக்கிறது. அணைந்துதானே இருக்கும், நான் மேலே இருக்கிறேன்! உடனே அக்காவுக்குப் போன். அக்கா திருநெல்வேலி டவுனில் இருக்கிற அம்மாவுக்கு. அம்மா பக்கத்து வீட்டு ஆச்சியிடம். ஆச்சி, "விமானத்தைக் காணலயாம்ல" என்று தெருவுக்கே சொல்லிவிட்டாள். யாரோ புண்ணியவான் டிவியில் நியூஸ் போட்டுப் பார்த்திருக்கிறான். இத்தனையும் நடக்கும்போது நான் ஜன்னலோரம் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தேன்.

இறங்கிப் போனைப் போட்டால் 23 மிஸ்டு கால். அடுத்த நொடியே அடித்தது.

"ஏ மாமா, எங்க இருக்கிய? உசுரோட இருக்கியளா?"

"விமானத்துலதாம்ல இருக்கேன், இன்னும் கதவே தொறக்கல."

"நாப்பது நிமிசம்னு போட்டிருக்குல்லா?"

"ஏலே, டிக்கெட்டுல பாக்கலயா?"

"அப்போ நெட்டுல பொய்யா போடுவான்?"

இதற்கு என்ன பதில் சொல்ல! வெளியே வந்ததும், மாமா பிழைத்து வந்தாரே என்று ஒரு சிரிப்பாவது வேண்டாமா? பார்க்கிங் சீட்டை நீட்டுகிறான். கொடுத்தேன். வழியெல்லாம் அதே புலம்பல், நானே விமானத்தை மெதுவாக ஓட்டி வந்த மாதிரி. வீட்டிலிருந்து கிளம்பினது பன்னிரண்டே முக்காலுக்கு, தாம்பரம் போய்ச் சேரும்போது மணி ஆறு, இதில் நாற்பது நிமிஷம் எங்கே இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். தூங்கிவிட்டான்... இல்லை, வண்டி ஓட்டுகிறவன் அவன்தான், கேட்காத மாதிரி இருந்தான்.

சரி, போகட்டும் என்று ராத்திரி அம்மாவுக்குப் பேசினேன். நான் பத்திரமாக இறங்க வேண்டும் என்று சந்திப் பிள்ளையாருக்கு 21 தேங்காய் நேர்ந்துவிட்டாளாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அதை வாங்கப் போவது நான். தேங்காய் இன்றைக்கு விற்கிற விலை என்ன? எங்கள் வீட்டில் சட்னிக்கே அரை மூடிதான், மிச்சமெல்லாம் பொரிகடலை!