ஸ்குவாட்டுக்கு முன்னால் ஏழு கேள்விகள்

"அண்ணா, பெர்சனல் டிரெய்னர் ஆகணும், எந்த கோர்ஸ்ல சேரட்டும்?" என்று மாதம் நாலைந்து பேராவது உள்பெட்டியில் கேட்கிறார்கள். எதில் வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால், புதிதாக வருகிறவரிடம் முதல் நாள் என்னென்ன கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒருவரைக் கஷ்டப்படுத்திய பிறகுதான். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எடை குறைக்க 52 வயது ஐயா ஒருவர் வந்தார். 220-இல் வயதைக் கழித்தால் நிமிடத்துக்கு அதிகபட்ச நாடித்துடிப்பு; அவருக்கு 168, அதில் 70 சதவீதம் சுமார் 118. நாடித்துடிப்பு அதைத் தொட வேண்டும் என்பது என் கணக்கு. டிரெட்மில்லில் அவருக்கு 100-ஐத் தாண்டவே இல்லை. மெதுவாக நடக்கிறார் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். மறுபடியும் கூட்டினேன். முகம் வெளுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு "போதும் தம்பி" என்றார்.

உட்கார வைத்து விசாரித்தபோதுதான் பி.பி.க்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. அது பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை. இதயத் துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. திரையில் எண் ஏறவில்லை, ஆனால் அவர் உடம்பு எப்போதோ எல்லைக்கு வந்துவிட்டது. அவர் எதையும் மறைக்கவில்லை. நான்தான் கேட்கவில்லை.

அந்த 220 கணக்கே ஒரு சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது உதவவே உதவாது. அவர் பேச்சைக் கவனியுங்கள். நடந்துகொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துவிடுங்கள். எடை தூக்கும்போது மூச்சை அடக்கவும் விடாதீர்கள், பி.பி. சட்டென்று எகிறும்.

சுகர் உள்ளவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இன்சுலின் போடுகிறவருக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் பயிற்சியின் நடுவில் சர்க்கரை இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அதற்கு அறிகுறி. ஜிம்மில் எல்லோருக்கும்தான் வியர்க்கிறது, அதனால் கண்ணில் படாமலே போய்விடும். சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று தினமும் கேளுங்கள். மேசையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சர்க்கரை இறங்கினால் 15 கிராம் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சர்க்கரையைப் பாருங்கள்.

வெயிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது, ஓய்வு, தூக்கம் எல்லாம் எந்த கோர்ஸிலும் இருக்கும். புரோட்டீனுக்கு மட்டும் ஒரு வார்த்தை: ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) பரிந்துரை. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். தசை வளர்க்கப் பயிற்சி செய்கிறவருக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும், சரி. அதற்காக முதல் நாளே பவுடர் டப்பாவை விற்காதீர்கள். முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் என்று வீட்டில் என்ன சாப்பிடுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், முதல் நாள் கேட்பதற்கென்றே பார்-கியூ என்று கனடாவில் உருவான ஒரு படிவம் இருக்கிறது. ஏழே கேள்விகள். இதய நோய் உண்டா, வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறதா, சும்மா இருக்கும்போதும் வலித்ததா, தலைசுற்றல், எலும்பு மூட்டுப் பிரச்சினை, பி.பி. அல்லது இதய மாத்திரை, வேறு ஏதாவது காரணம். ஒன்றுக்கு 'ஆம்' வந்தாலும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த ஆறாவது கேள்வியை நான் கேட்டிருந்தால் போதும்.

ஏழையும் தமிழில் எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.