டேவிஸுக்கு முன்பே கில்பர்ட்
நிலத்தோற்றங்கள் உருவாகும் விதத்தை ஆராயும் புவிப்புறவியல், ஹார்வர்டில் கற்பித்த வில்லியம் மோரிஸ் டேவிஸ் 1899-இல் முன்வைத்த, நிலம் இளமை, முதிர்ச்சி, முதுமை என்னும் கட்டங்களைக் கடக்கிறது என்ற நிலச்சுழற்சிக் கருத்திலிருந்தே தொடங்கியது என்று இக்கட்டுரையாளர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1877-இலேயே அமெரிக்காவின் யூட்டா பகுதியிலுள்ள ஹென்றி மலைகள் பற்றிய அறிக்கையில் நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட், பாறையின் உறுதி, நிலம் சாய்ந்திருக்கும் அளவு, ஓடும் நீர், அது சுமக்கும் வண்டல் ஆகியவை ஒன்றையொன்று சமன்செய்துகொள்வதால்தான் நிலம் தன் உருவத்தைப் பெறுகிறது என்று விளக்கியிருந்தார். டேவிஸின் முறை கரும்பலகையில் எளிதாக வரைந்து காட்டக்கூடியது. பள்ளியில் புவியியல் கற்பிக்கும் நானும் அதன் பயனை அறிவேன். ஆனால், ஓர் ஆறு ஏன் இந்த இடத்தில் மணலைக் கொட்டுகிறது என்று மாணவர் கேட்கும்போது, அந்த ஆற்றின் வயதைச் சொல்வது விடையாகாது. எடுத்துக்காட்டாக, கலிபோர்னியாவில் தங்கம் தேடியவர்கள் நீரை அழுத்தத்துடன் பீய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைத்தபோது, யூபா ஆற்றின் படுகை சரளையாலும் மணலாலும் மேடாகி, வெள்ளம் வயல்களுக்குள் புகுந்தது. 1884-இல் நீதிமன்றம் அக்கழிவை ஆறுகளில் விடுவதற்குத் தடை விதித்த பின்னரும் வண்டல் நகர்ந்துகொண்டே இருந்தது. நீரோட்டம் எவ்வளவு மணலை இழுத்துச் செல்லும் என்பதைக் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் செயற்கை வாய்க்கால்களில் சோதித்த கில்பர்ட், அந்த வண்டல் ஓர் அலையைப் போல மலையடிவாரத்திலிருந்து கீழ்நோக்கிச் செல்வதை 1917-இல் வெளியான அறிக்கையில் விளக்கினார். மனிதச் செயல் நிலத்தோற்றத்தை மாற்றுவதை ஆராய்வது அண்மைக்காலப் போக்கு என்று இக்கட்டுரைக்கான கருத்துகளில் ஒரு நண்பர் எழுதியிருப்பதற்கும் இந்த அறிக்கையே மறுப்பு.