போர்கன் தொடரும் ஈழத்தமிழர் விண்ணப்பங்களும்

அரசியல் தொடர் என்றாலே வெள்ளை மாளிகைக் கதைகளைத்தான் பலரும் பரிந்துரைக்கிறார்கள். என்னைக் கேட்டால் டென்மார்க்கின் 'போர்கன்' பாருங்கள் என்பேன். 2010இல் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான டிஆரில் தொடங்கி மூன்று பருவங்கள் ஓடியது. 2022இல் நெட்ஃபிளிக்ஸில் நான்காவதும் வந்தது. பெரும்பாலான நேரம் நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் எழுந்து போக மனசு வராது.

காரணம் எழுத்துத் திறமை மட்டும் இல்லை, அவர்களுடைய நாடாளுமன்ற முறையே அப்படி. அமெரிக்க அதிபர் ஜெயித்துவிட்டால் நாலு வருடத்துக்கு அவரை அசைப்பது மகா கஷ்டம். டென்மார்க்கில் பிரதமர் நாற்காலி ஒவ்வொரு நாளும் அவையின் தயவில் நிற்கிறது. மொத்தம் 179 உறுப்பினர்கள். அதில் கிரீன்லாந்துக்கு இரண்டு இடம், ஃபரோ தீவுகளுக்கு இரண்டு. இரண்டு சதவீத வாக்கு வாங்கினாலே ஒரு கட்சி உள்ளே வந்துவிடலாம். 1909க்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. ஆட்சி அமைக்க 90 பேரின் ஆதரவைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, 90 பேர் எதிர்த்து நிற்காமல் இருந்தால் போதும். சிறுபான்மை அரசு என்பது அங்கே விபத்து அல்ல, வழக்கம். தொடரின் இரண்டாம் பகுதி முழுக்க இந்த 90க்கான கணக்குதான். சண்டைக் காட்சியில்கூட எனக்கு அவ்வளவு படபடப்பு வந்ததில்லை.

முதல் பகுதியில் ஒரு சம்பவம். பதவியில் இருக்கும் பிரதமர் லண்டனில் மனைவி வாங்கிய பொருளுக்கு அவசரத்தில் அரசு அட்டையைக் கொடுத்துவிடுகிறார். அந்த ரசீது, சின்ன மையவாதக் கட்சி ஒன்றின் தலைவி பிர்கிட்டே நிபோர்க்கின் ஆலோசகர் கைக்கு வருகிறது. தேர்தலுக்கு முந்தைய கடைசி விவாதத்தில் இதைத் தூக்கிப் போடுங்கள் என்கிறான். அவர் மாட்டேன் என்கிறார். எழுதித் தந்த உரையையும் ஓரம் வைத்துவிட்டு மனதில் பட்டதைப் பேசுகிறார். ரசீதோ இன்னொரு கட்சித் தலைவர் கைக்குப் போய், அதே மேடையில் வெளியே வருகிறது. அடித்தவர், அடிபட்டவர் இருவர் பெயரும் கெட்டு, சின்னக் கட்சித் தலைவியிடம் பிரதமர் பதவி வந்து சேர்கிறது. கற்பனைதானே என்று தள்ள முடியாது. 1968இல் ஹில்மர் பவுன்ஸ்கோர் என்பவர், பெரிய கட்சி அல்லாத ஒரு கட்சியிலிருந்து உண்மையிலேயே பிரதமரானார். தொடர் தொடங்கிய மறுவருடமே, 2011 அக்டோபரில், டென்மார்க்குக்கு முதல் பெண் பிரதமரும் வந்துவிட்டார்.

நமக்கும் அவைக் கணக்கு தெரியாததல்ல. 1999 ஏப்ரல் 17 அன்று, அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு, வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை டிவி முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள் நாம். ஆனால் கூட்டணி பேரம் என்றதும் நம் நினைவுக்கு வருவது கூவத்தூர். போர்கனில் பேரம் என்றால் இந்தச் சட்டத்துக்கு நீ ஆதரவு கொடு, அந்த வரியை நான் கைவிடுகிறேன் என்பதுதான். விட்டுக்கொடுத்தவர் மறுநாள் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஏன் விட்டுக்கொடுத்தேன் என்று பதில் சொல்கிறார். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த 1985க்குப் பிறகு நம் உறுப்பினருக்குக் கொறடாவின் உத்தரவே வேதம். டென்மார்க் அரசியல் சட்டத்தின் 56ஆம் பிரிவோ, உறுப்பினர் தன் மனசாட்சிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர் என்கிறது. அங்கேயும் கட்சிக் கட்டுப்பாடு பலமானதுதான். இருந்தாலும் அந்த வாசகம் சட்டத்தில் இருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதெல்லாம் தொலைக்காட்சிக்கு நன்றாக இருக்கும், நிஜத்தில் நடக்குமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். நடந்தது. அதுவும் நம் ஆட்களுக்காக நடந்தது.

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பிய தமிழர்கள் கணிசமாக டென்மார்க் போய்ச் சேர்ந்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவர் மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொள்வது அன்றைய டென்மார்க் சட்டப்படி உரிமை. 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை மட்டும் நகர்த்தாமல் வைக்கச் சொன்னார். சட்டத்தைத் திருத்தவில்லை, அவையிடம் கேட்கவும் இல்லை. கோப்புகள் மேசையிலேயே கிடந்தன. அதே 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. அந்த நேரத்தில் அங்கே பிள்ளைகளோடு மாட்டிக்கொண்ட ஒரு தாய்க்குக் கோபன்ஹேகனில் கிடக்கும் அந்தக் கோப்பு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

நாடாளுமன்றத்தின் குறைகேள் அதிகாரி விசாரித்தார். விவகாரம் அவைக்கு வந்தது. 1989 ஏப்ரலில் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் எழுந்து, விரிப்புக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். அவையில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்ன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை, சுமார் 6,000 பக்கங்களோடு, 1993 ஜனவரியில் வெளிவந்தது. பிரதமர் அவைக்குத் தவறான தகவல் கொடுத்தார் என்று அதில் இருந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட ஷ்லூட்டர் ராஜினாமா செய்தார். தேர்தல் நடக்கவில்லை. அதே அவையிலிருந்து சில நாட்களில் எதிர்க்கட்சித் தலைவர் போல் நியூரப் ராஸ்முசன் பிரதமரானார். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே இருக்கும், 1910க்குப் பிறகு கூடாத, தனி நீதிமன்றத்தைக் கூட்டி நின்-ஹான்சனையும் நிறுத்தினார்கள். 1995இல் குற்றவாளி என்று தீர்ப்பு. நான்கு மாதச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. போதாது என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுரிமைகூட இல்லாத அகதிகளின் விண்ணப்பத்துக்காக ஓர் அரசே போன கதை உலகத்தில் எத்தனை நாட்டில் இருக்கிறது?

டென்மார்க்கை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. அகதிகள் விஷயத்தில் அந்த நாடு பின்னால் எவ்வளவு கடுமையாகிவிட்டது என்பது தெரிந்ததுதான். ஆனால் 2021இல், தஞ்சம் கேட்டு வந்த இளம் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்ததற்காக முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டோய்பேர் அதே தனி நீதிமன்றத்தில் 60 நாள் சிறைத்தண்டனை பெற்றார். இந்த முறை நிறுத்திவைக்கவில்லை.

தொடரைப் பார்ப்பவர்கள் முதல் பருவத்தில் கிரீன்லாந்து பற்றிய பகுதியைத் தவறவிடாதீர்கள். மூன்றாவது பருவம் கொஞ்சம் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1987க்கும் 1989க்கும் இடையில் அந்த விண்ணப்பத்துக்காகக் காத்திருந்த அம்மா, அப்பா, சித்தப்பா யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி வையுங்கள். 6,000 பக்க அறிக்கை டேனிஷ் மொழியில் இருக்கிறது. காத்திருந்தவர்களின் பக்கம் தமிழிலும் இருக்க வேண்டும்.