நாகேஷைக் கொழுக்க வைக்காதேங்கோ

தீபாவளிப் பின்னேரம் வீட்டுச்சனம் எல்லாம் கூடியிருந்து பழைய பகிடிப் படம் பாக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்தில இன்னும் கிடக்கு. நல்ல வழக்கம். ஆனா நாங்கள் அதைப் பாக்கிற விதத்திலதான் எனக்குக் கோவம்.

'காதலிக்க நேரமில்லை'யை எடுங்கோ. 1964 இல ஸ்ரீதர் எடுத்த படம், கூட இருந்து எழுதினது சித்ராலயா கோபு. நாகேஷ் பாலையாவுக்குத் திகில் கதை சொல்லுற கட்டம் வட்ஸ்அப்பில துண்டு துண்டாய் வாறதால முழுப்படமும் பாத்த மாதிரி ஒரு நினைப்பு எல்லாருக்கும். அந்தத் துண்டில பாதிதான் இருக்கு. தேப்பன் பாலையா காசை இறுக்கிப் பிடிக்கிற ஆள், மகன் நாகேஷ் படமெடுக்கக் காசு தா எண்டு அரிக்கிற ஆள். இதை முன்னுக்கே பாத்திருந்தால்தான், கதை கேட்டுப் பயந்து போன பாலையாவின்ர முகம் இரட்டிப்புச் சிரிப்பைத் தரும். கதையில வாற சத்தங்களையும் நாகேஷ் தன்ர வாயாலயே போடுறார். பகிடி சொல்லுறது அவர்தான். ஆனா நாங்கள் சிரிக்கிறது பக்கத்தில இருந்து கேக்கிறவரின்ர கண்ணைப் பாத்து.

அந்தக் கண்ணைத்தான் ரீவி கெடுக்குது. 1973 இல 'ராஜராஜ சோழன்' வரும்வரைக்கும் தமிழில சினிமாஸ்கோப் எண்ட அகலத்திரைப் படம் இல்லை. அதுக்கு முந்தின படமெல்லாம் 4:3 சட்டத்துக்கு, அதாவது நாலு பங்கு அகலம் மூண்டு பங்கு உயரத்துக்கு, கிட்ட எடுத்தது. இப்ப வீட்டில இருக்கிற ரீவி 16:9. ரெண்டு பக்கமும் கறுப்பாய் நிக்குது எண்டு ஆரோ றிமோட்டை அமத்திப் படத்தை இழுத்து விடுவினம். அப்பிடி இழுத்தால் எல்லாம் மூண்டில ஒரு பங்கு அகலிக்கும். ஈர்க்குச்சி உடம்புக்காரன் நாகேஷ் கொழுத்துப் போவார். 'சூம்' அமத்தினால் இன்னும் மோசம், மேலயும் கீழயுமாய்ப் படத்தில காற்பங்கு வெட்டுப்படும். தலை ஒருபக்கம், கை ஒருபக்கம் போயிடும். கையில்லாமல் நாகேஷ் என்ன நாகேஷ்?

எது பிழை எண்டு கண்டுபிடிக்கக் கார்ச் சில்லைப் பாருங்கோ. சில்லு முட்டை மாதிரிக் கிடந்தால் படம் இழுபட்டிருக்கு. முதல்ல டிஷ், கேபிள் பெட்டியின்ர செற்றிங்கைச் சரிபண்ணுங்கோ, அப்பவும் சில்லு முட்டையாய்க் கிடந்தால் ரீவியை 4:3 இல விடுங்கோ. ரீவியை மட்டும் மாத்திப்போட்டு 'சரிவரேல்லை' எண்டு விடுற ஆக்கள்தான் கூட. சில சனல் தானே இழுத்துத்தான் அனுப்பும். அதுக்கும் ரீவியை 4:3 இல விட்டால் சில்லு வட்டமாகும். கறுப்புக் கரை கிடந்திட்டுப் போகட்டும், அதுக்கு ஆரும் காசு குடுக்கேல்லைத்தானே.

அடுத்தது, அசைவை வழுவழுப்பாக்கிற செற்றிங். கனக்கப் புது ரீவிகளில அது தானாகவே போட்டுத்தான் வரும், அதை நிப்பாட்டுங்கோ. செக்கனுக்கு 24 சட்டத்தில எடுத்த படத்துக்கு இடையில இல்லாத சட்டங்களைச் செய்து செருகுறதால பழைய படம் மெகா சீரியல் மாதிரித் தெரியும். சத்தத்தில 'சரவுண்ட்'டும் வேண்டாம். ஒரு தடத்தில பதிஞ்ச வசனம் கிணத்துக்குள்ள கதைக்கிற மாதிரிக் கேக்கும்.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இரண்டரை மணித்தியாலப் படம் நாலு மணித்தியாலம் போகும், பகிடி உச்சத்துக்கு ஏறேக்க சவர்க்காரம் வந்து நிக்கும். 90களில கறன்ற் இல்லாத காலத்தில ரீவி, டெக், ஜெனறேற்றர் மூண்டையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட ஊர் இது. எண்ணெய் முடியமுன்னம் படம் முடியவேணும் எண்டதால ஆரும் இடையில எழும்பினதில்லை. வசதி வந்த பிறகுதான் குழப்பமும் வந்தது.

அதனால நான் சொல்லுறது பென்ட்ரைவ். தீபாவளி வாறது மாரி தொடங்கிற நேரம். மழை அடிச்சு ஊத்தினால் டிஷ்ஷில படம் கட்டம் கட்டமாய் உடைஞ்சு நிண்டிடும், இடி முழங்கினால் வயரையும் கழட்டத்தான் வேணும். நல்ல கொப்பி ஒண்டு முதல் நாளே கையில இருக்கட்டும். பைல் 4 ஜீபிக்கு மேல எண்டால் பற்32 (FAT32) எண்ட முறையில போமற் பண்ணின பென்ட்ரைவ் அதை ஏத்தாது. எக்ஸ்பற் (exFAT) முறையில போமற் பண்ணுங்கோ, ஆனா பழைய ரீவி அதை வாசிக்காமலும் விடும். அதுக்குத்தான் முதல் நாளே செருகிப் பத்து நிமிசம் ஓட்டிப் பாக்கச் சொல்லுறன். விளக்கு வைக்கிற நேரத்தில ஓடித்திரியிற வேலை மிச்சம்.

தொடங்கிற நேரமும் முக்கியம். கூட்டாய் ஆடடிச்சுப் பங்கு போட்ட இறைச்சியைக் கறியும் சோறுமாய்த் திண்டுபோட்டு ரெண்டு மணிக்குப் போட்டால் இடைவேளைக்குள்ள பாதி வீடு குறட்டை. நாலரைக்குப் போடுங்கோ. தேத்தண்ணியும் பயித்தம்பணியாரமும் முதலே வந்திடட்டும். இடையில 'இன்னொருக்கா ஊத்துங்கோ' எண்டு கேட்டால் குசினிக்குப் போறது எப்பவும் ஒரே ஆள்தான், எத்தினையோ தீபாவளிக்குத் திகில் கதைக் கட்டத்தைச் சத்தமாய் மட்டும் கேட்ட ஆளும் அவதான்.